மண்டி இலையும் மாட்டுத் தொட்டியும்: புதிதாக ஊறுகாய்த் தீவனம் போடுவோருக்கு

தக்காளி விலை விழுந்த வாரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் போனால், பறித்த கூலிகூடத் தேறாத பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போயிருப்பதைப் பார்க்கலாம். விலை நன்றாக இருக்கும் நாளிலும் காலிஃபிளவர் இலை, முட்டைக்கோஸ் மேல்தழை, அடிபட்ட கேரட், வெம்பிய பீட்ரூட் எல்லாம் மண்டிக்குப் பின்னால் குவிந்து அழுகும். அதே வாரத்தில், பக்கத்து ஊரில் ஒருவர் வைக்கோல் விலை கேட்டு மலைத்து நிற்பார். இந்த இரண்டு இடத்தையும் சேர்த்துவைக்க முடியுமா என்று புதிதாக மாடு கட்டும் பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். முடியும். இலைதழையை டிரம்மில் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்தால் அதுதான் ஊறுகாய்த் தீவனம். ஆனால் இதில் ஊறப்போடுவது சின்ன வேலை. பொறுக்கி எடுப்பதும் நீரைக் குறைப்பதும்தான் பெரிய வேலை. அந்த இரண்டிலும் பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

1. முதலில் தண்ணீர்க் கணக்கைப் படியுங்கள். முட்டைக்கோஸில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். தக்காளியிலும் முள்ளங்கியிலும் அதைவிடக் கூட. சுரைக்காய், வெள்ளரிக்காயில் உலர் பொருள் 5 சதவீதம் இருந்தாலே பெரிது. கேரட், பீட்ரூட்டில் 12 சதவீதம் அளவு. உருளைக்கிழங்கில் 20 சதவீதம் தேறும். ஒரு டன் முட்டைக்கோஸ் இலையை வண்டியில் ஏற்றி வந்தால், மாட்டுக்குச் சத்தாகப் போய்ச் சேருவது 80 முதல் 100 கிலோதான். மீதியெல்லாம் நீங்கள் வாடகை கொடுத்துச் சுமந்த தண்ணீர்.

ஊறுகாய்த் தீவனம் நன்றாக அமைய உலர் பொருள் 30 முதல் 35 சதவீதம் இருக்க வேண்டும். மக்காச்சோளத்தைப் பால் முற்றும் பருவத்தில் வெட்டினால் இந்த அளவு தானாக வந்துவிடும். காய்கறியில் வராது. நாம்தான் வரவழைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் சத்தெல்லாம் சாறாக வடிந்து போகும். நல்ல புளிப்புக்குப் பதில் அழுகல் வந்துவிடும். புதிதாகப் போடுகிறவர்களின் தொட்டி கெட்டுப்போகும் காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான்.

2. உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். இலையின் மேலேயே லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர் இருக்கிறது. தயிரைப் புளிக்கவைக்கும் இனத்தைச் சேர்ந்ததுதான். காற்றை அடைத்துவிட்டால் அது இலையிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். அமிலம் வேகமாக ஏறினால் மற்ற கெட்ட கிருமிகள் அடங்கிவிடும். ஏறத் தாமதமானால் அவை முந்திக்கொள்ளும். பின்லாந்தின் விர்த்தானென் என்ற வேதியியலாளர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். பசுந்தீவனத்தில் ஆரம்பத்திலேயே அமிலம் கலந்து புளிப்பை ஏற்றினால் பனிக்காலம் முழுவதும் கெடாது என்று காட்டினார். 1945-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நமக்கு அந்த அமிலம் தேவையில்லை. சர்க்கரை, காற்றடைப்பு, அளவான ஈரம் மூன்றும் அமைந்தால் நம் ஊர் வெயிலில் புளிப்பு தானே ஏறும்.

3. எடுக்க உகந்தவை: காலிஃபிளவர் இலை, முட்டைக்கோஸ் தழை, பட்டாணித் தோல், கேரட், பீட்ரூட், நூல்கோல், பேபிகார்ன் மட்டை, இனிப்புச் சோள மட்டை, சர்க்கரைவள்ளிக் கொடி. பேபிகார்ன் மட்டை கிடைக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நாரும் இனிப்பும் சேர்ந்தே இருப்பதால் அதிகம் மெனக்கெடாமலே ஊறிவிடும். லூதியானா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வாத்வா, பக்ஷி இருவரும் எழுதி, ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட நூல் ஒன்று இந்தக் கழிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தேடிப் படியுங்கள்.

மரவள்ளித் தோலும் நல்ல சரக்குதான். ஆனால் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள சயனைடு மாட்டைச் சாய்த்துவிடும். நறுக்கி, வாடவிட்டு, ஊறவைத்தால் அந்த நஞ்சு வெகுவாகக் குறையும். அப்படியும் அதை மட்டுமே தனியாகப் போடாமல் மற்றதோடு கலந்தே போடுங்கள்.

4. தொடக்கூடாதவை. இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

பூ மார்க்கெட்டை ஒட்டிய குப்பையில் கையே வைக்காதீர்கள். காய்கறி மார்க்கெட்டும் பூ மார்க்கெட்டும் பல ஊர்களில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மாலை கட்டி மிஞ்சிய அரளி அங்கே கிடக்கும். அரளியில் பூ, இலை, தண்டு அத்தனையும் இதயத்தை நிறுத்தும் நஞ்சு. காய்ந்தாலும் அந்த நஞ்சு போகாது. கொஞ்சம் இலை போதும், ஒரு கறவை மாட்டைக் கொல்ல. நூறு கிலோ இலைக்குள் ஒரு பிடி அரளி கலந்திருந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எனவே பொறுக்கிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். அந்த இடத்துக்கே போகாதீர்கள்.

வெங்காயமும் வெங்காயத் தாளும் மாட்டின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஆடு ஓரளவு தாங்கும், மாடு தாங்காது. சிவந்த மூத்திரம் போவதைப் பார்த்த பிறகு ஓடுவதைவிட முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் முளைவிட்ட கிழங்கும் வேண்டாம். அவற்றிலுள்ள சோலனின் ஊறவைத்தாலும் முழுதாகப் போகாது. தக்காளிச் செடி, கத்தரிச் செடிக்கும் அதே சட்டம். தக்காளிப் பழம் கொஞ்சம் கலக்கலாம், நீர் அதிகம் என்பதை மறக்காமல்.

கீரைக் கட்டுகளிலும் பீட்ரூட் தழையிலும் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். கொஞ்சமாகக் கலக்கலாம்; தொட்டி முழுக்க அதுவாகவே போடக்கூடாது. கல்யாண மண்டபத்து எச்சில் சோற்றை இதில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோறு மாட்டு வயிற்றில் திடீரென்று அமிலமாகிக் கிடத்திவிடும். அதைக் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

அடுத்தது ரப்பர் பேண்டு, சணல், பிளாஸ்டிக் கயிறு, பாலித்தீன் பை, கோணி தைத்த கம்பி. மாடு நாக்கால் சுழற்றி எடுத்து மென்று பார்க்காமல் விழுங்கும் பிராணி. கம்பி முதல் இரண்டாம் வயிற்றில் தங்கி, பக்கத்திலிருக்கும் இதயப் பையைக் குத்தும். பை பந்தாகச் சுருண்டு அசைபோடுவதையே நிறுத்தும். அதனால் தரையில் கிடப்பதை வாரி வராதீர்கள். மண்டியில் இலை உரிக்கும் இடத்திலேயே கூடை வைத்து, கீழே விழுமுன் வாங்குங்கள். அப்படி வாங்கினால் மண்ணும் ஒட்டாது. மண்ணில் இருக்கும் கிருமிதான் தொட்டியை நாறவைப்பதில் முதல் குற்றவாளி.

5. "எப்ப மருந்து அடிச்சீங்க?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் இரண்டிலும் புழுவுக்கு அறுவடை நெருக்கம் வரை மருந்து அடிப்பார்கள். அது அதிகம் படிவது மேல் இலையில். நாம் கொண்டுவருவதும் அந்த மேல் இலைதான். புளித்தால் மருந்து முறிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி மாட்டை வைத்துப் பரீட்சை பார்க்காதீர்கள். மருந்தில் சில வகை கொழுப்பில் தங்கிப் பால் வழியே வெளிவரும். அந்தப் பாலை நம் பேரப்பிள்ளைகள் குடிக்கிறார்கள். மண்டியில் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று கேட்டால் பதில் வராது. ஆகவே என் யோசனை: முடிந்தவரை தெரிந்த விவசாயியின் காட்டிலேயே, அறுவடை நாளில், கழித்த இலையை வாங்குங்கள். அவரிடம் மருந்து அடித்த தேதி இருக்கும்.

6. காலையில் வந்த சரக்கு மாலைக்குள் மூடியாக வேண்டும். வைக்க இடமில்லை, ஆள் வரவில்லை என்று ஒரு நாள் குவித்துவைத்தால் உள்ளே சூடேறி, புளிப்புக்கு வேண்டிய சர்க்கரை வீணாகிவிடும்.

7. வாடவிடுவதும் வைக்கோல் சேர்ப்பதும். களத்தில் தார்ப்பாய் விரித்து இலையை மெல்லிசாகப் பரப்புங்கள். சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரம் போதும். கணிசமான நீர் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே ஓடாது. அந்த மாதங்களில் புதிதாகப் போடாமல் ஏற்கெனவே போட்டதைச் செலவழியுங்கள்.

வாடாத பச்சை இலையாக இருந்தால் 3 பங்கு இலைக்கு 1 பங்கு வைக்கோல். கணக்கு இதுதான்: 75 கிலோ இலையில் உலர் பொருள் ஏழரை கிலோ. 25 கிலோ வைக்கோலில் இருபத்திரண்டரை கிலோ. இரண்டும் சேர்ந்து 100 கிலோவுக்கு 30 கிலோ. இலை வாடியிருந்தால் வைக்கோலைக் குறைத்துக்கொள்ளலாம். மக்காச்சோளத் தட்டையோ சோளத்தட்டையோ இருந்தால் வைக்கோலைவிட நல்லது. ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும் சேலம், நாமக்கல் பக்கத்தில் காய்ந்த திப்பி கிடைக்கும். கொஞ்சம் திப்பி கலந்தால் ஈரத்தையும் உறிஞ்சும், மாவுச்சத்தும் சேரும்.

தராசு இல்லாவிட்டால் கையே தராசு. நறுக்கிக் கலந்ததை ஒரு கைப்பிடி அள்ளி, அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விடுங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் இன்னும் வைக்கோல் வேண்டும். உருண்டை அப்படியே நின்று உள்ளங்கை மட்டும் நனைந்திருந்தால் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மெதுவாக விரிந்தால் சரியான பதம். பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு டிரம்மையும் மூடாதீர்கள்.

8. அரை அங்குலம் முதல் ஓர் அங்குலத்துக்குள் நறுக்குங்கள். கேரட், பீட்ரூட், உருளையை முழுசாகப் போட்டால் ஊறியும் உருண்டையாகவே இருந்து மாட்டின் தொண்டையில் அடைக்கும்.

9. 100 கிலோ கலவைக்கு 2 கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். கரும்பு ஆலைப் பாகு கிடைத்தால் இரண்டு மூன்று கிலோ. கல்லுப்பு அரைக் கிலோ. கேரட்டும் பீட்ரூட்டும் பாதிக்கு மேல் இருந்தால் அவற்றின் இனிப்பே போதும், வெல்லச் செலவு வேண்டாம். இலை அதிகமாக இருந்தால் வெல்லத்தைத் தவிர்க்காதீர்கள்; இலையில் புரதம் அதிகம், அது புளிப்பு ஏறுவதைத் தடுத்து நிற்கும். வைக்கோலுக்குப் போட்டுப் பழகிய கையோடு யூரியாவை இதிலும் போடாதீர்கள். புளிப்பை அது இன்னும் முறிக்கும்.

10. மிதியுங்கள். பத்து விரற்கடைக்கு ஒரு அடுக்கு, அடுக்குக்கு ஒரு மிதி. டிரம்மின் ஓரங்களைக் கட்டையால் குத்தி இறுக்குங்கள். காற்று தங்குவது ஓரத்தில்தான். அடியில் நாலு அங்குலம் வெறும் வைக்கோல் போட்டுவிட்டால் வடியும் சாற்றை அது குடித்துக்கொள்ளும். மேலே பாலித்தீன், அதன்மேல் மண் மூட்டை, பிறகு மூடி.

11. குழி வேண்டாம், டிரம் போதும். நாலைந்து மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் இதுவே. 200 லிட்டர் டிரம்மில் நன்றாக மிதித்தால் 100 கிலோவுக்கு மேல் பிடிக்கும். மூன்று மாட்டுக்கு நாலு நாளில் தீர்ந்துவிடும். நம் வெயிலில் திறந்த தீவனம் அதற்குமேல் நல்லபடி நிற்காது. பெரிய குழியைத் திறந்து தினமும் ஓரடி எடுக்க ஆள்படையும் மாடும் இல்லாதவர்களுக்கு, எடுத்த முகம் சூடேறிப் பூசணம் பிடித்துப் பாதி வீணாகும். டிரம் வாங்கும்போது உணவுப் பொருள் வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். ரசாயனமோ பூச்சி மருந்தோ வந்ததைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள்.

குழிதான் வெட்டுவேன் என்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். மூடிய முதல் இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே கரியமில வாயு சேரும். இலைக் காய்கறியில் நைட்ரேட் அதிகம் என்பதால் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடும் உண்டாகும். இரண்டும் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். குனிந்து இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப்போனவரும் விழுவார். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வடியும் சாற்றைக் கிணற்றுப் பக்கமோ ஓடைப் பக்கமோ ஓடவிடாதீர்கள், மீன் மிஞ்சாது.

12. ஒவ்வொரு டிரம்மிலும் மூடிய தேதியைச் சாக்பீஸால் எழுதுங்கள். 30 முதல் 45 நாள் தொடாதீர்கள்.

13. திறந்ததும் முதலில் மூக்கால் பாருங்கள். பழ ஊறல் போலப் புளிப்பு வாசம், மஞ்சள் கலந்த பச்சை அல்லது இளம்பழுப்பு நிறம், கையில் ஒட்டாத பதம் இருந்தால் நல்லது. ஊசிப்போன நெய் வாடை, மூத்திர வாடை, வழவழப்பு, கறுப்பு நிறம் இதில் ஒன்று இருந்தாலும் எருக்குழிக்கு அனுப்புங்கள். பி.எச். தாள் விலை மலிவு. 4.2 அல்லது அதற்குக் கீழே காட்டினால் நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் கொடுக்காதீர்கள்.

பூசணம் விஷயத்தில் இரக்கமே பார்க்காதீர்கள். மேல்பாகத்தில் பூசணம் தெரிந்தால் அதையும் அதற்குக் கீழே ஒரு சாணும் அள்ளி எறியுங்கள். பூசணம் விடும் அஃப்லடாக்சின் மாட்டின் வயிற்றில் போய், எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். பாலில் அதற்குக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு அது. பெரிய அளவில் செய்யத் தொடங்கினால் நாமக்கல்லில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரி எடுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதித்து வாருங்கள்.

14. கொடுக்கும் முறை. முதல் நாள் ஒரு கிலோ. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வயிற்றிலுள்ள நுண்ணுயிர் பழக அவ்வளவு நாள் வேண்டும். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 12 கிலோ அளவு உலர் பொருள் தேவை. இந்த ஊறுகாய் 10 கிலோ கொடுத்தால் அதில் 3 கிலோ போகும், கால் பங்கு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ் இனத்துத் தழையை மட்டும் மாதக்கணக்கில் அதிகமாகக் கொடுத்தால் ரத்தச்சோகையும் தைராய்டுக் குறையும் வரும். எனவே வகை மாற்றுங்கள், பசும்புல்லும் உலர் தீவனமும் தாது உப்பும் தொடருங்கள். வெள்ளாட்டுக்கு அரைக் கிலோவில் தொடங்குங்கள். அசைபோடத் தொடங்காத இளங்கன்றுக்கு வேண்டவே வேண்டாம். சினை முற்றிய மாடு கெட்டுப்போன ஊறுகாயைத் தின்றால் கன்று வீசும் ஆபத்து உண்டு. சந்தேகமிருந்தால் அதற்கு நிறுத்திவிடுங்கள்.

கறந்த பிறகு கொடுங்கள். கறப்பதற்கு முன் கொடுத்தால் முட்டைக்கோஸ் வாடை பாலில் ஏறும். சொசைட்டியில் திருப்பி அனுப்பினால் யாரையும் குறை சொல்ல முடியாது.

15. லாபம் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைப் போட்டால் அடர்தீவனச் செலவு பாதியாகக் குறையும் என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். காலிஃபிளவர், முட்டைக்கோஸ் இலையின் உலர் எடையில் 15 முதல் 20 சதவீதம் புரதம் உண்டு. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் வைக்கோலில் இருப்பது மூன்று நான்கு சதவீதம். மேலே சொன்ன அளவில் கலந்துவிட்டால் மொத்தத்தில் 7 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அது ஒரு சுமாரான பசுந்தீவனத்தின் தரம். புண்ணாக்கின் வேலையை அது செய்யாது. கோடையில் பசும்புல் இல்லாத நாளில் மாட்டின் வாய்க்குப் பதமாக ஒரு தீவனம், வெறும் வைக்கோலை மாடு ஆசையாகத் தின்னும்படி ஆக்கும் வழி. இவ்வளவுதான் இதன் பயன். சின்னக் குடும்பத்துக்கு இதுவே பெரிய உதவி.

மண்டி பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் தண்ணீருக்கு டீசல் போடுகிறீர்கள். சுத்தமான இலை தினமும் அளவாகக் கிடைக்கும் இடத்தில் குடியிருந்தால் ஊறப்போடாமலே அன்றன்றைக்கு வாடவைத்துக் கொடுப்பது இன்னும் எளிது. மிஞ்சுகிற நாளுக்கும் மழைக்காலத்துக்கும் மட்டும் ஊறவையுங்கள்.

16. மண்டியில் இலை உரிப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கை ஓடும் வேகத்தில் இலை தனி, அழுகல் தனி, கயிறு தனி என்று போடுவது கூடுதல் வேலை. அந்த வேலைக்குக் கூலி கொடுங்கள். இலவசக் குப்பை என்ற எண்ணத்தில் போனால் உங்களுக்குக் குப்பைதான் கிடைக்கும். கமிஷன் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கடைக்கு ஒரு கூடை, இலைக்கென்று தனியாக வையுங்கள். பூக்கடைக் கழிவு அதன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கூடை இருந்தால் ஊரில் பத்துக் கட்டுத்தரைக்குக் கோடையில் தீவனம் போய்ச் சேரும்.